வால் இல்லாத கிளி

அம்மா போன பிறகு அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மேட்டித் துணியில் கிராஸ் ஸ்டிச் போட்ட இரண்டு கிளிகள் இருந்தன, ஒன்றுக்கு வால் இல்லை. ஊசியோடு நின்றுபோன குரோஷா மேசை விரிப்பு ஒன்று. ஓரம் மட்டும் பூத்தையல் போட்ட தலையணை உறை. கழுத்துவரை வந்த குழந்தை ஸ்வெட்டர்: எனக்காகத் தொடங்கியது, நான் வளர்ந்துவிட்டதால் தம்பிக்கு என்று ஆனது, அவனும் வளர்ந்துவிட்டான். முடிந்த பொருள் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெட்டியின் அடியில், காகிதத்தில் சுற்றிய ஒரு முழ நீள லேஸ். ஆச்சி வழியாக வந்தது. இடையன்குடியில் பின்னியது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"உங்கம்மா எதையாவது முழுசா முடிச்சிருக்காளா?" என்பது அப்பாவின் வழக்கமான வேடிக்கை. நாங்களும் கூடச் சிரித்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்த அன்றுதான் ஒன்று புரிந்தது. ஒவ்வொரு துணிக்கும் தனித்தனி வேளை இருந்தது. கிளிக்கு இழை எண்ண வேண்டும், அதனால் அது வெளிச்சமுள்ள மத்தியான வேலை. குரோஷா கைப்பைக்குள் அடங்கும். ரேஷன் கடை வரிசையிலும் ஆஸ்பத்திரி பெஞ்சிலும் அதுதான் வெளியே வரும். ஸ்வெட்டருக்குக் கண் வேண்டாம், கை போதும். எங்களுக்கு வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே பின்னுவாள். அவள் ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவியது மனம் நிலைகொள்ளாததால் என்றுதான் நினைத்திருந்தோம். அவளுக்குக் கிடைத்த நேரமே துண்டு துண்டாக, வேறுவேறு அளவில் இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் பொருந்த ஒரு வேலையைக் கையில் வைத்திருந்தாள்.

2019-ல் இந்தியா முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அப்படி ஈடுபடும் ஆண் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிடுவதாக வந்தது. அந்த 299 நிமிடங்கள் காலையில் தொடங்கி ஒரே மூச்சில் முடிந்துவிடுவதில்லை. நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. எஞ்சிய நேரத்தையும் சேர்த்துச் சிதறடிக்கின்றன.

அந்த ஒரு முழ லேஸ் மட்டும் எப்படி முடிந்தது? அதைத் தேடப் போனால் நாகர்கோவிலில் தொடங்க வேண்டும்.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி இருந்த காலம் அது. அந்தப் பள்ளியின் அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் பெருமையோடு சொல்கின்றன. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் ஒரு பெண்ணின் விலை எத்தனை முழ லேஸ், அதைப் பின்ன எத்தனை நாள் என்று கேட்க எனக்குத் தோன்றுகிறது. அவளைப் பொறுத்தவரை ஒரு வேலை எப்போது முடியும் என்பது, தான் எப்போது தனக்குச் சொந்தமாவோம் என்பதும்கூட.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1822-ல் நாகர்கோவிலில் பிறந்தவர், தமிழ் பேசி வளர்ந்தவர். 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்ததும், அம்மாவிடம் கற்ற லேஸை அங்கே பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். தேரிக்காட்டை ஒட்டிய பனங்காட்டு ஊர். ஆண்கள் இறக்கிய பதநீரைப் பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். அந்தப் புகையிலிருந்து எழுந்து வந்து வெள்ளை நூலைத் தொட வேண்டுமென்றால் கையை எத்தனை முறை கழுவ வேண்டும்!

இந்த லேஸைத் திண்டின் மேல் வைத்துத்தான் பின்ன முடியும். மாதிரியைத் துளையிட்ட அட்டை ஒன்று திண்டின் மேல் இருக்கும். அதில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய பாபின்களை இணை இணையாக மாற்றியும் முறுக்கியும் போக வேண்டும். அகலமான லேஸுக்குப் பாபின்கள் டஜன் கணக்கில் தேவைப்படும். நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்தாலும் விரல் நீளங்களில்தான் வளரும். பாதியில் எழுந்தால் திண்டின் மேல் துணி போட்டு மூடிவைக்கலாம், கழற்றி மடித்துப் பெட்டியில் போட முடியாது. இன்னொன்றைத் தொடங்க இன்னொரு திண்டும் இன்னொரு கட்டுப் பாபினும் வேண்டும். ஆகவே ஒரு பெண்ணுக்கு ஒரு திண்டு, ஒரு வேலை. ஆச்சியின் அந்த முழம் முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்: யாரோ ஒரு பெண்ணுக்கு, வேறு எந்த வேலையும் கூப்பிடாத நேரம் சில மணிகளாவது தொடர்ந்து கிடைத்திருக்கிறது.

அதே ஊரில் எலைசாவின் கணவர் என்ன செய்துகொண்டிருந்தார்? 1847-ல் தூய திரித்துவ ஆலயத்தைக் கட்டத் தொடங்கினார். அது முடிந்தது 1880-ல், முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து. இடையில் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அதைத் திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு 1875-ல் வந்தது. திருநெல்வேலி வரலாறு 1881-ல். ஆலயம் பாதி, இலக்கணம் பாதி, வரலாறு பாதி. "அவர் எதையாவது முழுசா முடிச்சாரா?" என்று யாரும் கேட்டதில்லை. விடாமுயற்சி என்றோம், சிலை வைத்தோம். கால்டுவெல்லைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்த முப்பத்து மூன்று ஆண்டுகளைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ஸ்வெட்டர் நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

திண்டு வேண்டாத, ஒரே ஊசியில் பின்னக்கூடிய குரோஷா லேஸ் வேறு விதமாகப் பரவியது. கோதாவரிக் கழிமுகத்தில் நரசாப்பூரைச் சுற்றிய ஊர்களில் அது அடுக்களைக்குள் போனது. 1970-களின் இறுதியில் ஜெர்மானியப் பெண்ணியர் மரியா மீஸ் அங்கே போய் ஆய்வு செய்து, 1982-ல் நரசாப்பூர் லேஸ் பின்னும் பெண்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் கண்ட பெண்கள் வீட்டு வேலை போக நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் லேஸ் பின்னினார்கள். உலை கொதிக்கும்வரை ஒரு பூ, பிள்ளை தூங்கும்வரை இன்னொரு பூ. ஒருத்தி பூக்களைப் பின்னினால் அவற்றைச் சேர்த்துத் தைப்பது வேறொருத்தி. முழு மேசை விரிப்பு எப்படி இருக்கும் என்று பூப் பின்னியவள் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அது கடல் கடந்து போய்விடும். கூலி எண்ணிக்கைக்குத்தான், மணிக்கு அல்ல. ஏற்றுமதியாளர்களின் கணக்கில் அது ஓய்வு நேரத்தில் இல்லத்தரசிகள் செய்யும் பொழுதுபோக்கு. அரசின் மக்கள்தொகைக் கணக்கிலும் அவர்கள் உழைப்பாளிகளாகத் தெரியவில்லை. மீஸின் வாதம் இங்கேதான் இருக்கிறது: இல்லத்தரசி என்ற பெயரே கூலியைக் குறைக்கும் கருவி. நேரம் துண்டு துண்டாக இருப்பதால் அது நேரமே இல்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா?

அம்மாவுக்குக் கூலி கிடையாது, ஏற்றுமதியாளரும் கிடையாது. ஆனால் "சும்மா இருக்கும்போது ஏதோ பின்னுவா" என்று நாங்கள் சொன்னது அதே கணக்குதான்.

குரோஷா விரிப்பைத் தங்கை எடுத்துக்கொண்டாள், பின்னி முடிக்கப் போவதாகச் சொல்கிறாள். கிளியை நான் வைத்திருக்கிறேன். வால் இருக்க வேண்டிய இடத்தில், அடுத்த தையலுக்குத் தயாராக அம்மா ஊசியைக் குத்தி வைத்திருந்தாள், பச்சை நூல் கோத்தபடியே. ஊசி துருவேறித் துணியில் ஒரு பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. துவைத்தால் போகும் என்றார்கள். துவைக்கவில்லை.