சிந்தனை, உணர்வு, உள்ளுணர்வு: யுங் எட்டு ஆண்டுகள் தேடிய விடை

ஆளுமைத் தேர்வு எழுதி 'நீ இந்த வகை' என்று நான்கு எழுத்துகளை வாங்கிக்கொள்வது இன்று பலருக்கும் பழக்கமான ஒன்று. இந்த வகைப்பாட்டின் வேர், சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங் 1921இல் வெளியிட்ட 'உளவியல் வகைகள்' என்ற நூலில் இருக்கிறது.

அந்த நூல் ஒரு பிரிவிலிருந்து பிறந்தது. மனநோய்க்கு சிக்மண்ட் ஃபிராய்டு ஒரு காரணம் சொன்னார். ஆல்ஃபிரட் அட்லர் வேறொன்று சொன்னார். யுங்கால் இரண்டையும் முழுதாக ஏற்க முடியவில்லை. அறிவாளிகள் ஒரே விஷயத்தை ஏன் இப்படி வேறுவேறாகப் பார்க்கிறார்கள்?

1913 செப்டம்பரில் மியூனிக் மாநாட்டில் யுங் முதல் விடையைச் சொன்னார். அவரும் ஃபிராய்டும் கடைசியாகச் சந்தித்ததும் அங்குதான். மனிதரில் புறமுகர், அகமுகர் என இரு வகை உண்டு என்றார். ஆனால் அகமுகர் என்றால் சிந்திப்பவர், புறமுகர் என்றால் உணர்பவர் என்றும் அப்போது எண்ணியிருந்தார். 1915-16இல் ஹான்ஸ் ஷ்மித்-கிசான் என்ற மருத்துவருடன் இதுபற்றிக் கடிதங்களில் விவாதித்தார். யுங் அகமுகர், நண்பர் புறமுகர். இருவரும் ஒத்துப்போகாமலேயே கடிதங்கள் நின்றன!

பின்னர்தான் முடிச்சு அவிழ்ந்தது. மனம் திரும்பும் திசை வேறு, மனம் செய்யும் வேலை வேறு. அகமுகரும் ஆழமாக உணரலாம். புறமுகரும் கூர்மையாகச் சிந்திக்கலாம். உள்ளுணர்வு வகையைக் கண்டறிந்த பெருமை தன்னுடன் பணியாற்றிய மரியா மோல்ட்சருக்கே உரியது என்று யுங் தன் நூலில் குறிப்பிட்டிருக்கிறார்.

இறுதி வடிவில் நான்கு செயல்கள். சிந்தனையும் உணர்வும் தீர்ப்புச் சொல்பவை: ஒன்று 'சரியா, தவறா' என்று கேட்கும், மற்றொன்று 'எனக்கு இது மதிப்புள்ளதா' என்று கேட்கும். புலனுணர்வும் உள்ளுணர்வும் தகவல் தருபவை: ஒன்று இருப்பதைக் காட்டும்; மற்றொன்று வரப்போவதை மோப்பம் பிடிக்கும்.

தர்க்கத்தால் முடிவெடுக்கும்போது விருப்பு வெறுப்பை ஒதுக்கியே ஆக வேண்டும். அதனால் சிந்தனை ஓங்கியவரிடம் உணர்வு அடிமனதுக்குத் தள்ளப்படும். எதிர்பாராத நேரத்தில் கோபமாகவோ தொட்டாற்சிணுங்கித்தனமாகவோ வெடிக்கும். உணர்வு ஓங்கியவரிடம் இதுவே தலைகீழாக நடக்கும். உள்ளுணர்வுக்கு இந்தப் பகை இல்லை. சிந்தனையோடு சேர்ந்தால் புதிய கோட்பாடுகளைத் தேடும். உணர்வோடு சேர்ந்தால் மனிதர்களின் மனதை ஊகிக்கும்.

1923இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பை அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸ் படித்தார். அவருடைய மகள் இசபெல் மையர்ஸ் 1940களில் இதை வினாத்தாளாக மாற்றத் தொடங்கினார். யுங்கின் எட்டு வகைகள் பதினாறாயின. முதன்மைச் செயல், துணைச் செயல் என்ற எண்ணத்தை மையர்ஸும் விடவில்லை. ஆனால் தேர்வு எழுதியவர் கையில் பெரும்பாலும் எஞ்சியது நான்கு எழுத்துகள்தான். பலருடைய மதிப்பெண் நடுவிலேயே விழுகிறது. மறுமுறை எழுதினால் வகையே மாறுவதும் உண்டு. ஆய்வாளர்களின் முக்கியக் குறை இதுதான்.

மனிதர்களுக்கு முத்திரை குத்துவது தன் நோக்கமல்ல என்று யுங் 1934லேயே ஒரு முன்னுரையில் எச்சரித்தார். வேலைக்கு ஆள் எடுக்கும்போது இந்த எழுத்துகளை நம்புபவர்கள் அதை நினைவில் கொள்வது நல்லது. யுங்கின் கேள்வி 'நீ எந்த வகை' என்பதோடு முடியவில்லை. 'நீ ஒதுக்கி வைத்தது எது' என்பதும் அதில் அடங்கும்.