உறங்கும் துவக்குகளும் உறங்காத ஆபத்தும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பழைய போடியார் வீடுகளிலும் வன்னியின் கமக்காரர் வீடுகளிலும் ஒரு காலத்தில் மாட்டப்பட்டிருந்த ஒற்றைக் குழல் துவக்கு, அந்த வீட்டின் அந்தஸ்துக்கும் வயற்காவலுக்கும் ஒருசேர அடையாளமாக விளங்கியது. தமிழர் வீடாயினும் முஸ்லிம் வீடாயினும் இதில் வேறுபாடு இருக்கவில்லை. காட்டுப்பன்றியை விரட்டுவதற்கென அனுமதிப்பத்திரத்துடன் பெறப்பட்ட அந்தத் துவக்குகளுட் பலவற்றைப் போர் இல்லாமற் செய்தது. எஞ்சியவற்றுள் ஒரு பகுதியும், நாட்டின் ஏனைய பாகங்களில் உள்ளவற்றுள் கணிசமானவையும் இன்று அலுமாரியின் மேற்தட்டிலோ, கட்டிலின் கீழோ, பழைய பெட்டகத்தினுள்ளோ சீலையிற் சுற்றப்பட்டுக் கிடக்கின்றன. வயலை விற்றவர் இருக்கிறார். முதுமையால் வயலுக்குப் போகாதவர் இருக்கிறார். துவக்கை மட்டும் விட்டுச் சென்று மறைந்தவரும் இருக்கிறார்.

பாவிக்கப்படாத துவக்கினால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்போர் உளர். இக்கேள்வி நியாயமானது போலத் தோன்றினும் அதன் அடிப்படை தவறானது. ஓர் ஆயுதத்தின் ஆபத்து அது எத்தனை தடவை சுடப்படுகின்றது என்பதில் தங்கியிருக்கவில்லை. அதன் மீது உரிமையாளரின் கண்ணும் கையும் எந்தளவுக்கு இருக்கின்றன என்பதிலேயே தங்கியுள்ளது. அவ்வகையில் நோக்குமிடத்து, தினமும் துடைத்துப் பூட்டி வைக்கப்படும் துவக்கை விட, மறக்கப்பட்ட துவக்கே கூடிய அச்சத்துக்குரியதாகும்.

வீடுகளிலே உலகின் ஆயுதக் களஞ்சியம்

ஜெனீவாவைத் தளமாகக் கொண்ட சிறிய ஆயுதங்கள் தொடர்பான ஆய்வு நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2017ஆம் ஆண்டின் இறுதியில் உலகில் 100 கோடிக்கும் அதிகமான துப்பாக்கிகள் இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 85 கோடி 70 இலட்சம் பொதுமக்களின் கைகளில் இருந்தவை. உலக நாடுகளின் இராணுவங்கள் அனைத்திடமும் இருந்தவை 13 கோடி 30 இலட்சம் மாத்திரமே. அதாவது உலகின் மிகப் பெரிய ஆயுதக் களஞ்சியம் எந்தப் படை முகாமிலும் இல்லை. அது சாதாரண வீடுகளிலேயே சிதறிக் கிடக்கின்றது. இராணுவக் களஞ்சியத்துக்குக் காவலர் உண்டு, பதிவேடு உண்டு, பரிசோதனை உண்டு. வீட்டு அலுமாரிக்கு இவற்றுள் எதுவும் இல்லை.

ஈரமும் துருவும் செய்யும் வேலை

முதலாவது ஆபத்து சுடுபவருக்கே உரியது. எமது நாட்டைப் போன்ற ஈரலிப்பு மிகுந்த, கடற்காற்று வீசும் நாடொன்றில் எண்ணெய் காணாத இரும்பு விரைவிலேயே துருப்பிடித்துவிடும். தோல் உறையினுள்ளோ சீலையினுள்ளோ சுற்றி வைப்பது பாதுகாப்பு என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் தோலும் சீலையும் ஈரத்தை உறிஞ்சி இரும்புடன் ஒட்ட வைத்திருக்கின்றன. பழைய தோட்டாக்களினதும் கரிய வெடிமருந்தினதும் எச்சங்கள் உப்புத் தன்மை கொண்டவை. அவை காற்றிலுள்ள நீரை இழுத்து, குழலின் உட்புறத்தைக் குழி குழியாக அரித்துவிடுகின்றன. வெளியே பளபளப்பாகத் தெரியும் குழலின் உட்சுவர் மெலிந்து போயிருப்பதை வெறுங்கண்ணால் அறிவது கடினம்.

திறந்து கிடக்கும் குழல் மண்குளவிக்கு வாய்ப்பான இடமாகும். குழலினுள் கூடோ, சேறோ, பழந்துணியோ அடைத்திருக்கும் நிலையில் வெடி தீர்க்கப்படின், முன்னே செல்ல வழியற்ற அமுக்கம் குழலையே பிளந்து, சுடுபவரின் கையையும் முகத்தையும் தாக்குகின்றது. ஈரம் ஏறிய பழைய தோட்டாவின் நிலையும் இத்தகையதே. அது அரைகுறையாக வெடித்து, உள்ளிருக்கும் அடைப்பானைக் குழலின் நடுவிலேயே விட்டுவிடக் கூடும். வேட்டுச் சரியாகத் தீரவில்லை என்று எண்ணி அடுத்த தோட்டாவை இடுபவர் தம்மையறியாமலே விபத்தைத் தேடிக்கொள்கின்றார்.

பழைய லாச்சிகளில் வெவ்வேறு அளவான தோட்டாக்கள் கலந்து கிடப்பதும் வழமை. பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு என்பது ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம குண்டுகளாக்கும்போது கிடைக்கும் குண்டொன்றின் விட்டத்தை, ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றரை, குழலின் அளவாகக் கொண்டதாகும். இலக்கம் கூடக் கூட அளவு சிறுத்துச் செல்லும். எனவே இருபதாம் இலக்கத் தோட்டா பன்னிரண்டாம் இலக்கக் குழலினுள் நழுவிச் சென்று நடுவில் இறுகிவிடும். துவக்கு வெறுமையாக இருப்பதாகக் கருதிச் சரியான தோட்டாவைப் பின்னால் இட்டுச் சுட்டால் விளைவு பயங்கரமானது. உலகின் பல பாகங்களிலும் அறியப்பட்ட இவ்விபத்தைத் தவிர்ப்பதற்காகவே இருபதாம் இலக்கத் தோட்டாக்களைத் தனியாக மஞ்சள் நிறத்தில் தயாரிக்கும் வழக்கம் ஏற்பட்டது. வெளியே தெரியும் சுத்தியலைக் கொண்ட பழைய துவக்குகளில் விசையின் பற்கள் தேய்ந்திருப்பின், கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே வெடி தீர்ந்துவிடுவதும் உண்டு.

உரிமையாளர் மறந்தாலும்...

இரண்டாவது ஆபத்து மற்றவர்களுக்கு உரியது. துவக்கு எங்கே இருக்கின்றது என்பதை உரிமையாளர் மறந்துவிடலாம், மற்றவர்கள் மறப்பதில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது கிளர்ச்சியாளர்கள் கிராமத்து வீடுகளிலிருந்த வேட்டைத் துவக்குகளைப் பறித்தெடுத்தே தம்மை ஆயுதபாணிகளாக்கிக் கொண்டனர். 1987 தொடக்கம் 1989 வரையான காலப்பகுதியிலும் அதுவே நிகழ்ந்தது. ஆயுதம் தேடுபவர் முதலில் தட்டும் கதவு, ஆயுதம் உள்ளதென ஊரறிந்த வீட்டின் கதவேயாகும். தன் வீட்டைக் காப்பதற்கென வாங்கிய துவக்கு அயல் வீட்டுக்கு எதிராகத் திரும்புவதற்கு ஒரு திருட்டு போதுமானது.

சிறுவர்களின் நிலை இதனிலும் கவலைக்குரியது. ஐக்கிய அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்றின்படி, ஏறத்தாழ 46 இலட்சம் பிள்ளைகள் தோட்டா இடப்பட்டுப் பூட்டப்படாதிருந்த துப்பாக்கி ஒன்றேனும் உள்ள வீடுகளில் வாழ்ந்தனர். பெரியவர்கள் ஒளித்து வைத்த இடம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பது எல்லா நாட்டுப் பெற்றோரும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் பொய்யாகும்.

மூன்றாவது ஆபத்தைப் பற்றி நாம் பேசத் தயங்குகின்றோம். மனம் உடைந்த ஒரு கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கின்றது என்பது ஓர் உயிரின் முடிவைத் தீர்மானிக்கக் கூடியது. சுவிற்சர்லாந்தில் கட்டாய இராணுவச் சேவையாளர்கள் தமது துப்பாக்கியை வீட்டிலே வைத்திருப்பது நெடுநாளைய மரபாகும். வருடத்தில் சில நாட்கள் தவிர, அவை நிலவறைகளிலும் அலுமாரிகளிலும் உறங்குபவை. 2003, 2004ஆம் ஆண்டுகளின் இராணுவச் சீர்திருத்தத்தினால் படையினரின் எண்ணிக்கை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைக்கப்பட்டபோது, வீடுகளிலிருந்த துப்பாக்கிகளும் குறைந்தன. 18 முதல் 43 வயது வரையான ஆண்களிடையே தற்கொலை வீதம் அதன்பின் வீழ்ச்சியுற்றதை 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. துப்பாக்கித் தற்கொலைகளில் ஏற்பட்ட வீழ்ச்சியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாத்திரமே வேறு வழிமுறைகளால் ஈடுசெய்யப்பட்டிருந்தது. வீட்டில் வைத்திருப்பதற்கென வழங்கப்பட்ட தோட்டாக்களை மீளப் பெறவும் அந்நாடு 2007ஆம் ஆண்டு தீர்மானித்தது. ஆயினும் துப்பாக்கிகளையும் படைக் களஞ்சியங்களுக்கு மாற்றும் யோசனையை 2011 பெப்ரவரியில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 56 சதவீதத்தினர் நிராகரித்தனர். மரபு எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கக் கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

இந்தப் பாடம் இலங்கையருக்குப் புதிதன்று. 1995ஆம் ஆண்டளவில் எமது நாட்டின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தில் இருந்தது. கடும் நச்சுத்தன்மை கொண்ட கிருமிநாசினிகள் 1995ஆம் ஆண்டிலும், எண்டோசல்பான் 1998ஆம் ஆண்டிலும் தடைசெய்யப்பட்ட பின்னர், 2005ஆம் ஆண்டளவில் அவ்வீதம் அரைவாசியாகக் குறைந்தது. வறுமையும் போரும் துயரமும் நீங்கிவிட்டமையால் அவ்வாறு நிகழவில்லை. கைக்கெட்டும் தூரத்திலிருந்து கொடிய நஞ்சு அகற்றப்பட்டமையே அதன் பிரதான காரணமென ஆய்வாளர் கருதுகின்றனர். நஞ்சுக்குப் பொருந்தும் இந்த நியாயம் துவக்குக்கும் பொருந்தும். மனச்சோர்வினால் அவதியுறுவோர் உள்ள வீட்டில் துவக்கை வைத்திருக்கவே கூடாது; தேசிய மனநல உதவிச் சேவையை 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் நாட முடியும் என்பதையும் குடும்பத்தினர் அறிந்திருத்தல் வேண்டும்.

சட்டம் எதைப் பார்க்கின்றது?

இலங்கையில் துப்பாக்கிகளை ஒழுங்குபடுத்துவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமாகும். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். அது ஆளுக்கு வழங்கப்படுவதேயன்றி வீட்டுக்கு வழங்கப்படுவதன்று. தந்தையின் மறைவுக்குப் பின் அவரது காணி மகனுக்கு உரித்தாவது போலத் துவக்கு உரித்தாவதில்லை. புதிய அனுமதிப்பத்திரமின்றி அதை வைத்திருப்பவர், தாம் அறியாமலே குற்றமிழைத்தவராகின்றார். ஒரு விதவைத் தாய் கணவரின் நினைவாகப் பெட்டகத்தில் வைத்திருக்கும் பொருள், சட்டத்தின் பார்வையில் சட்டவிரோத ஆயுதமாகும்.

2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு உரிமையாளர்களைப் பணித்தது. யாருக்கு ஆயுதம் உண்மையாகவே தேவை என்ற கேள்வியை எழுப்பிய வகையில் அது வரவேற்கத்தக்க நடவடிக்கையே. ஆயினும் செல்வாக்குள்ளோரின் கைத்துப்பாக்கிகளைப் பற்றி எழுப்பப்பட்ட அக்கேள்வி, கிராமத்துப் பெட்டகங்களில் துருவேறிக் கிடக்கும் துவக்குகளைப் பற்றியும் எழுப்பப்படுதல் வேண்டும். புதுப்பித்தலின்போது கடதாசி புதுப்பிக்கப்பட்டால் மட்டும் போதாது. துவக்கின் நிலையும், அது வைக்கப்பட்டுள்ள இடமும், அதற்கான தேவை இன்னமும் உள்ளதா என்பதும் பரிசீலிக்கப்பட வேண்டும்.

கௌரவமான விடைபெறல்

பயிரைக் காக்கத் துவக்கு வைத்திருக்கும் விவசாயியை இக்கட்டுரை குறை கூறவில்லை. பன்றியும் குரங்கும் மயிலும் விளைச்சலை அழிக்கும் நிலையில் அவரது தேவை உண்மையானது. அவர் செய்ய வேண்டியது எளிது: துவக்கையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி வைத்தல், ஒழுங்காக எண்ணெய் இட்டுத் துடைத்தல், நாட்பட்ட தோட்டாக்களைத் தாமே அழிக்க முனையாது பொலிஸாரிடம் ஒப்படைத்தல். நெடுங்காலம் கிடந்த துவக்கைத் தகுதியானவரைக் கொண்டு பரிசோதிக்காமல் ஒருபோதும் சுட்டுப் பார்க்கலாகாது.

தேவை முடிந்தவரின் நிலை வேறு. அவர் துவக்கைக் கைவிட விரும்பினாலும், பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு சென்றால் விசாரணை வருமோ, காலாவதியான அனுமதிப்பத்திரத்துக்குத் தண்டம் அறவிடுவார்களோ என்ற அச்சம் அவரைத் தடுக்கின்றது. அதனால் துவக்கு மீண்டும் பெட்டகத்துக்கே திரும்புகின்றது. இந்த அச்சத்தைப் போக்கும் வழியை அவுஸ்திரேலியா காட்டியுள்ளது. 1996 ஏப்ரலில் போர்ட் ஆதரில் 35 பேர் கொல்லப்பட்டதையடுத்து, நட்டஈடு வழங்கி ஏறத்தாழ ஆறரை இலட்சம் துப்பாக்கிகளை அந்நாடு மீளப்பெற்றது. 2017ஆம் ஆண்டு மூன்று மாத காலப் பொதுமன்னிப்பில் 57,000க்கும் அதிகமான துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. 2021 ஜூலை முதல் அப்பொதுமன்னிப்பு நிரந்தரமாக்கப்பட்டது. தண்டனை இல்லை என்ற உறுதியே மறைந்து கிடந்தவற்றை வெளியே கொண்டு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஐக்கிய இராச்சியத்தில், மீளச் சுட முடியாதவாறு செயலிழக்கச் செய்து சான்றிதழ் வழங்கும் முறை 1988ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம்பெற்றது. தந்தையினதோ பாட்டனாரினதோ நினைவை இழக்க விரும்பாத குடும்பங்களுக்கு இது பொருத்தமான வழி. எமது நாட்டிலும் பிரதேச செயலகம் தோறும் வருடத்தில் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு, விசாரணையோ தண்டமோ இன்றித் துவக்குகளைப் பற்றுச்சீட்டுடன் ஏற்கவும், விரும்புவோருக்கு அவற்றைச் செயலிழக்கச் செய்து கையளிக்கவும் ஏற்பாடு செய்யப்படுமாயின், பெரும் செலவின்றியே பெரும் பயன் விளையும். ஒப்படைப்போர் எந்த இனத்தவராயினும் சந்தேகக் கண்ணுடன் நோக்கப்படமாட்டார்கள் என்ற உத்தரவாதம் இதற்கு முன்நிபந்தனையாகும். போரின் நினைவு மாறாத வடக்கு, கிழக்கு மக்களிடம் இவ்வுத்தரவாதம் இல்லாத எந்தத் திட்டமும் வெற்றி பெறாது.

துவக்கு ஒரு குடும்பத்தின் பெருமையாக இருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெருமையை இன்று காப்பாற்றும் வழி, அது இன்னொருவரின் கைக்குப் போய் ஓர் உயிரைப் பறிக்கும் முன்னர் அதனை முறையாக வழியனுப்பி வைப்பதே. இன்றிரவே பெட்டகத்தைத் திறந்து பார்ப்பது அதற்கான முதற்படியாக அமையட்டும்.