காற்றின் கசிவும் காணாத கைகளும்: டேர்போ இயந்திர வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவியை யார், எந்த ஆண்டில், எந்த நாட்டில் ஆக்கினார் என்ற வினாக்களோடு தொடங்கும் அவ்வரலாறு, அவற்றுக்கான விடைகளோடு முடிந்தும் விடுகின்றது. அக்கருவி பின்னர் எங்ஙனம் பேணப்பட்டது, பழுதுற்றபோது யார் அதனைச் செப்பனிட்டனர் என்ற வினாக்கள் எழுவதே அரிது. மோட்டார் வண்டிகளில் இன்று பரவலாகக் காணப்படும் டேர்போ என்னும் கருவியைக் கொண்டு இக்குறைபாட்டை விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எரிபொருள் எரிவதற்குக் காற்று இன்றியமையாதது. இயந்திரத்தின் உருளையினுள் எவ்வளவு காற்று புகுகின்றதோ அதற்கேற்ற அளவு எரிபொருளையே எரித்து வலுப்பெற முடியும். கடல்மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14.7 இறாத்தல் ஆகும். இயற்கை விதித்த இவ்வெல்லையைக் கடக்க முனைந்தவர்களுள் சுவிற்சலாந்தின் வின்ரர்தூர் நகரில் 1879 இல் பிறந்த அல்பிரட் பூஹி முதன்மையானவர். இயந்திரம் வெளியேற்றும் சூடான புகையில் பெருமளவு சக்தி வீணாவதைக் கண்ட அவர், அப்புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிற் பொருந்திய மற்றொரு சக்கரத்தாற் காற்றை அமுக்கி உருளைக்குள் செலுத்தும் முறைக்கு 1905 இல் காப்புரிமை பெற்றார். எண்ணம் செயலாவதற்கு இரு தசாப்தங்கள் சென்றன. 1920களின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் 'புறொய்சன்', 'ஹன்சஸ்ராட் டான்சிக்' என்னும் இரு பயணிகள் கப்பல்களின் டீசல் இயந்திரங்களில் இம்முறை பொருத்தப்பட்டபோது, அவற்றின் வலு 1750 பரிவலுவிலிருந்து 2500 பரிவலுவாக உயர்ந்தது.

இதற்கிடையில் முதலாம் உலகப் போர் இக்கருவியை வானத்தை நோக்கித் திருப்பியது. உயரஞ் செல்லச் செல்லக் காற்று ஐதாவதால் விமான இயந்திரங்கள் வலுவிழந்தன. பிரான்சில் ஒகுஸ்ற் ராத்தோ என்பவர் இதற்குப் பரிகாரம் தேட, அமெரிக்காவில் சான்போர்ட் மொஸ் என்ற பொறியியலாளர் 1918 இல் ஒரு லிபேட்டி விமான இயந்திரத்தைக் கொலராடோவிலுள்ள பைக்ஸ் மலையின் உச்சிக்கு எடுத்துச் சென்று பரிசோதித்தார். 14,000 அடிக்கு மேற்பட்ட அவ்வுயரத்தில், கடல்மட்டத்தில் ஏறத்தாழ 350 ஆக இருந்த பரிவலு 230 அளவுக்கு வீழ்ந்தது. டேர்போ இணைக்கப்பட்டதும் இழந்த வலு முழுவதும் மீண்டது.

இங்கு நாம் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். அமுக்கப்பட்ட காற்று அடங்கிக் கிடப்பதன்று. சிறியதொரு வழி கிடைப்பினும் அது வெளியேறவே முனையும். ஆகவே இக்கருவியின் வெற்றி சுழலும் சக்கரங்களில் மட்டுமன்றி, அக்காற்றை இயந்திரம்வரை கொண்டு சேர்க்கும் குழாய்களிலும் பொருத்துகளிலும் தங்கியுள்ளது. சக்கரத்தை ஆக்கியவரின் பெயர் காப்புரிமைப் பத்திரத்தில் நிலைத்துள்ளது. பொருத்தினை இறுக்கியவரின் பெயரோ எங்கும் பதியப்படவில்லை.

பராமரிப்பைப் பொருட்படுத்தாத தொழினுட்பத்துக்கு நேரும் கதியை 1962 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெற்பயர் கார் எடுத்துக்காட்டுகின்றது. டேர்போ பொருத்தி விற்கப்பட்ட முதற் பயணிகள் கார்களுள் அது ஒன்று. இயந்திரத்தினுள் எரிபொருள் உரிய தருணத்துக்கு முன் வெடித்தெரிவதைத் தடுக்கும் பொருட்டு, நீரும் மெதைல் மதுசாரமும் கலந்த ஒரு திரவம் அதனுள் செலுத்தப்பட்டது. அத்திரவம் தீர்ந்ததும் அமுக்கம் குறைக்கப்படும் ஏற்பாடும் இருந்தது. ஆயின் உரிமையாளர் பலர் திரவத்தை நிரப்பத் தவறினர். வலுக் குறைந்த காரோடு அவர்கள் மல்லாடினர். இரண்டு ஆண்டுகளில் அதன் உற்பத்தி நின்றது; பின்னர் டேர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண காபரேற்றரைப் பொருத்திக்கொடுக்கவும் உற்பத்தியாளர் முன்வந்தனர். கண்டுபிடிப்பில் இருந்த அக்கறை பராமரிப்பிலும் இருந்திருப்பின் அதன் வரலாறு வேறாக அமைந்திருக்கக்கூடும்.

1977 இல் சாப் நிறுவனம், மேலதிகப் புகையை வேறு வழியாகத் திருப்பி அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுடன் தனது 99 டேர்போ காரை வெளிக்காட்டியது. அதே ஆண்டு சில்வர்ஸ்ரோன் பந்தயத்திற் களமிறங்கிய றெனோவின் டேர்போ கார் அப்பந்தயத்தை முடிக்கவில்லை. அடிக்கடி புகை கக்கி நின்றமையால் அதனை 'மஞ்சள் தேநீர்ப் பாத்திரம்' என எள்ளினர். எனினும் 1979 இல் டிஜோனில் றெனோவின் டேர்போ கார் வென்றது. இவற்றின் பின்னரே டேர்போ சாதாரண மக்களின் வண்டிகளுக்கும், அதன் பழுதுகள் சாதாரண கராச்சுகளுக்கும் வந்து சேர்ந்தன.

அப்பழுதுகளுள் மிகவும் ஏமாற்றுவது காற்றுக் கசிவே. வண்டி இழுவை குன்றும். சீறும் ஒலி கேட்கும். டீசல் வண்டியாயின் கரும்புகை எழும். உட்செல்லும் காற்றை அளந்து அதற்கேற்ப எரிபொருளை விடும் பெற்றோல் வண்டிகளில், அளந்த காற்று வழியிலேயே வெளியேறிவிட, எரிபொருள் மிகையாகி வீணாகும். இழப்பை ஈடுசெய்ய டேர்போ வழமையிலும் வேகமாகச் சுழன்று தன் ஆயுளைக் குறைத்துக்கொள்ளும். இவ்வறிகுறிகளைக் கண்டு, கெட்டது டேர்போவே எனத் துணிந்து, பெரும் பணஞ் செலவிட்டு அதனை மாற்றுவோர் உளர். புதிய டேர்போவும் அதே வெடிப்பின் வழியே காற்றை இழக்கும்.

அனுபவமிக்க திருத்துநரின் முறை வேறு. இயந்திரத்தை நிறுத்தி, டேர்போவின் காற்று வாயிலை மூடியால் அடைத்து, அதன் வழியே வழமையான அமுக்கத்தை மீறாத அளவில் மெல்லக் காற்றைச் செலுத்துவார். பின் செவிகொடுத்துக் கேட்பார். இறப்பர்க் குழாய்களின் வளைவுகளிலும், கவ்விகளிலும், காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலரின் ஓரங்களிலும் சவர்க்கார நீரைத் தடவுவார். குமிழி எழும் இடமே கசிவின் இடம். துவிச்சக்கர வண்டியின் ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்தித் துளையைத் தேடும் நம்மூர்க் கடைக்காரரின் அறிவும் இதுவேயன்றோ? வெடித்த குழாயை அவர் மாற்றுவார். வழுவிய குழாயாயின் எண்ணெய்ப்பசையைத் துடைத்து, மீளப் பொருத்தி, கவ்வியை அளவோடு இறுக்கி, மறுபடியும் சோதிப்பார். பல வேளைகளில் கோளாறு ஒரு சிறு கவ்வியோடு தீர்ந்துவிடும்.

வரலாறு பயிலும் மாணவர்க்கும் இதிலே படிப்பினையுண்டு. ஒரு பேரரசோ இயக்கமோ தளரும்போது அதன் காரணத்தை நாம் தலைமையிலே தேடிப் பழகியுள்ளோம். காரணம் சிலவேளை தலைமையில் இருத்தலுங் கூடும்; ஆயின் இணைப்புகளைச் சோதியாது அம்முடிவுக்கு வருதல் முறையன்று. பூஹியின் பெயரை நூல்கள் காத்து நிற்கின்றன. அவரது எண்ணத்தை நாள்தோறும் இயங்கச் செய்வோர் எண்ணெய் படிந்த கைகளோடு கராச்சுகளிலே நிற்கின்றனர். அக்கைகளையும் கணக்கிற் கொள்ளும்போதே இயந்திரத்தின் வரலாறு முழுமை பெறும்.