காருக்குள் ஓர் அரங்கு: முன்வரிசை ஒலிபெருக்கிகளின் வரலாறு

1931ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் தம் வருங்கால மனைவியுடன் திரைப்படம் பார்க்கச் சென்றார் என்றும், நடிகர் திரையின் ஒரு பக்கம் நிற்க, அவர் குரல் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது அவரை உறுத்தியது என்றும் கூறுவர். அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று அவர் அளித்த காப்புரிமை விண்ணப்பம் இன்றைய ஸ்டீரியோ ஒலிக்கு அடித்தளமாயிற்று. ‘ஸ்டீரியோ’ என்னும் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் ‘இரண்டு’ என்ற பொருள் இல்லை. ‘திண்மை’ என்பதே பொருள். ஒலிக்கு இடமும் பருமனும் தருவதே அதன் நோக்கம். அந்நோக்கம் நிறைவேற மிகக் கடினமான இடங்களுள் ஒன்று காரின் உட்புறம்.

தொடக்கத்தில் காருக்குள் அத்தகைய நோக்கமே எழவில்லை. 1930இல் அமெரிக்காவின் கால்வின் சகோதரர்கள் விற்பனைக்குக் கொணர்ந்த ‘மோட்டோரோலா’, 1932இல் ஜெர்மனியின் பிளாபுங்க்ட் வெளியிட்ட கார் வானொலி ஆகியவற்றின் காலத்தில், எஞ்சின் இரைச்சலை மீறிக் குரல் கேட்டால் போதும் என்பதே எதிர்பார்ப்பு. பிளாபுங்க்டின் கருவி ஒரு காரின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஒற்றை ஒலிபெருக்கி எங்கு இடம் கிடைத்ததோ அங்கே பொருத்தப்பட்டது.

1961இல் அமெரிக்காவில் எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்பு தொடங்கியது. 1965இல் ஃபோர்டு நிறுவனம் தன் 1966 மாதிரிக் கார்களில் எட்டுத்தட நாடாக் கருவியை அளித்தது. ஸ்டீரியோ காருக்குள் நுழைந்தது. ஆனால் அரங்கு உடன் வரவில்லை. கதவின் அடிப்பகுதியிலும் பின்கண்ணாடியை ஒட்டிய பலகையிலும் ஒலிபெருக்கிகள் இடம்பெற்றதால், பாடகர் கேட்பவரின் முழங்காலருகிலோ முதுகுக்குப் பின்னாலோ நின்று பாடுவதுபோல் இருந்தது. 1983 மாதிரி காடிலாக் செவில் முதலிய கார்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸும் போஸும் இணைந்து, அந்தந்தக் காரின் உட்புற ஒலியியலுக்கேற்ப ஓர் அமைப்பை உருவாக்கின. அதே பத்தாண்டின் இறுதியில் அமெரிக்கக் கார் ஒலிப் போட்டிகள், ஒலியின் உரப்பை மட்டுமன்றி அரங்கின் அகலம், உயரம், பாடகர் நிற்குமிடம் ஆகியவற்றையும் மதிப்பிடலாயின. ‘முன்னரங்கு’ என்ற கருத்து அக்காலத்தில்தான் ஆர்வலர்களிடையே வேரூன்றியது.

ஆயினும் இதற்கான அறிவியல் முன்பே கிடைத்திருந்தது. தாழ்ந்த அதிர்வெண்களின் திசையை இரு செவிகளையும் ஒலி அடையும் கால வேறுபாட்டாலும், உயர்ந்தவற்றின் திசையை உரப்பு வேறுபாட்டாலும் மனிதர் உணர்கின்றனர் என்று 1907இல் ராலே பிரபு விளக்கினார். ஒரே ஒலி இரு இடங்களிலிருந்து சிறிய இடைவெளியில் வந்தால், முதலில் வந்ததன் திசையையே மூளை ஏற்கிறது என்பதை 1949இல் வாலக் குழுவினரும் ஹாஸும் தனித்தனியே நிறுவினர்.

காரில் இதன் விளைவைக் கணக்கிடுவது எளிது. வலப்பக்கம் அமர்ந்து ஓட்டுபவருக்கு இடக்கதவின் ஒலிபெருக்கி 50 செ.மீ. கூடுதல் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், இடப்பக்க ஒலி சுமார் 1.5 மில்லிநொடி பிந்தும். நடுவில் நிற்கவேண்டிய பாடகர் வலக்கதவுக்கு இடம்பெயர இதுவே போதும். எவ்வளவு விலையுயர்ந்த ஒலிபெருக்கியும் இந்தத் தொலைவைக் குறைக்காது.

ஆகவே தேர்வு என்பது இடத்தில் தொடங்கிப் பொருளில் முடியவேண்டியது. பாதங்களுக்குப் பக்கவாட்டிலுள்ள கிக் பேனலில் மிட்ரேஞ்சைப் பொருத்தினால் இருபக்கத் தொலைவு வேறுபாடு சுருங்கும். ஆனால் அரங்கு தாழக்கூடும். முன்கண்ணாடியோரத் தூணில் ட்வீட்டரை வைத்தால் அரங்கு உயரும். ஆனால் கண்ணாடியில் எதிரொலித்த ஒலியும் உடன் சேரும். 16.5 செ.மீ. ஒலிபெருக்கியின் விட்டமும் 2,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமும் ஏறத்தாழச் சமம். அதற்கு மேல் ஒலி நேர்முகமாகக் குவிந்து, பக்கவாட்டில் அமர்ந்திருப்பவரைச் சரிவர எட்டாது. அதனால் தாழ்வாகவே பொறுப்பேற்கும் ட்வீட்டரோ, இடையில் சிறிய மிட்ரேஞ்சோ தேவைப்படுகிறது. கதவோ ஓட்டைகள் நிறைந்த பெட்டி. அடைத்த பெட்டிக்கென வடிவமைத்த வூஃபர் அதில் மெலிந்து ஒலிக்கலாம். எந்த ஒலிபெருக்கி எத்தகைய பெட்டிக்குப் பொருந்தும் என்பதை முன்கூட்டியே கணிக்க, தீலும் ஸ்மாலும் 1960களிலும் 1970களிலும் வகுத்த அளவுருக்கள் வழிசெய்தன. வாங்குபவர் வணிகப்பெயருக்கு முன் பார்க்கவேண்டியவை அந்த எண்களே.

பின்னர் வந்த எண்முறை ஒலிச் செயலிகள் அருகிலுள்ள ஒலிபெருக்கியைத் தாமதப்படுத்தித் தொலைவின் குறையைச் சரிசெய்தன. வலப்பக்க ஒலியை 1.5 மில்லிநொடி நிறுத்திவைத்தால் ஓட்டுபவருக்குப் பாடகர் நடுவில் வந்துவிடுகிறார். ஆனால் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு வலப்பக்க ஒலிபெருக்கி ஏற்கெனவே தொலைவில் உள்ளது. செயலியின் தாமதமும் சேர்ந்து வேறுபாடு 3 மில்லிநொடியாக இரட்டிக்கிறது. கிக் பேனலின் தீர்வு முழுமையற்றதாயினும் இருவருக்கும் பொது. செயலியின் தீர்வு துல்லியமானது. ஆனால் ஓர் இருக்கைக்கே உரியது.

முன்னரங்குக்கு ஒலிபெருக்கி தேர்ந்தெடுப்பவர் இந்த இரண்டுக்கும் இடையில்தான் முடிவெடுக்கிறார். எந்த ஒலிபெருக்கி சிறந்தது என்று கேட்பதற்கு முன், காரில் யார் யார் கேட்கப்போகிறார்கள் என்று அவர் கேட்டுக்கொள்ள வேண்டும். புளூம்லைனைத் தொந்தரவு செய்த கேள்வியும் ஓர் அரங்கு முழுவதற்குமானது. திரைப்படம் பார்க்க அவர் தனியே செல்லவில்லை.