ஜூலை 16



இன்று கும்பகோணம் பிள்ளைகளின் நினைவு நாள். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. காசிராமன் தெருப் பள்ளியில் சத்துணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ, மாடியில் இருந்த கீற்றுக் கொட்டகைக்குத் தாவியது. படிக்கட்டு குறுகல். 94 குழந்தைகள் போய்விட்டார்கள். ஒவ்வொரு வருடமும் பெற்றோர் அந்தப் பள்ளி வாசலில் பிள்ளைகளின் படங்களை வைத்து மலர் தூவுகிறார்கள். சாயங்காலம் மகாமகக் குளத்தில் மோட்ச தீபம் ஏற்றுகிறார்கள்.

விளக்கேற்றுவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் மௌன அஞ்சலி எப்படி வந்தது தெரியுமா? ஜனவரி 30 காலை 11 மணிக்கு உங்களையெல்லாம் அசையாமல் நிறுத்திவைப்பேனே, அது. நம் ஊரில் சாவு என்றால் ஒப்பாரி வைப்பார்கள், வாய் மூடி நிற்க மாட்டார்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918இல் தென் ஆப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், தினமும் நண்பகல் பீரங்கி வெடித்ததும் வண்டிகள் உட்பட எல்லாம் நின்றுவிடும். போர் முடிந்த மறு வருடம், 1919 நவம்பர் 11 அன்று, பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் இரண்டு நிமிடம் நின்றது. அந்தப் பழக்கம்தான் நம் பள்ளிக்கூட மைதானம் வரை வந்து சேர்ந்தது.

கும்பகோணம் தீக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை எங்கள் பள்ளியிலும் பிரேயரில் மௌனம் அனுசரித்தோம். வழக்கமாக அரை நிமிடத்திலேயே ஒன்றாம் வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அன்று ஒரு பிள்ளைகூட அசையவில்லை. பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். என் வகுப்பும் கீற்றுக் கொட்டகைதான். "உள்ளேன் டீச்சர்" என்று ஒவ்வொரு குரலாக வர வர, எனக்குக் கூரையைத்தான் பார்க்கத் தோன்றியது.

ஆறு வருடம் அதன் அடியில் பாடம் நடத்தியிருக்கிறேன். பத்தடி தள்ளி சத்துணவு அடுப்பு. "வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது" என்று நானே சொல்லியிருக்கிறேன். ஒருநாளும் வாய் திறந்து யாரிடமும் கேட்டதில்லை. அந்த மௌனத்தையும் இன்று நினைத்துக்கொள்கிறேன்.

அரசு உத்தரவு வந்து கீற்றைப் பிரித்தார்கள். ஓடு போடும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் சமையலறை எங்கே, வெளியே வர எத்தனை வழி என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். நான் இன்று பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.