அரக்குத் தட்டில் தங்கிய குரல்கள்

திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, காவிரியின் மேற்குக் கரையில் அமைந்த ஊர் கொடுமுடி. 1908ஆம் ஆண்டில் அங்குப் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். அவர் 1927இல் மணந்துகொண்டவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. நாடக மேடையில் அவ்விருவரும் சேர்ந்து பாடியதைக் கேட்க மக்கள் திரண்டனர். ஆனால் கிட்டப்பா 1933இல், தம் 27ஆம் வயதில் மறைந்தார். அவர் பேசும் படம் எதிலும் நடித்தாரில்லை. இன்றும் அவர் குரலை நாம் கேட்க முடிகிறதென்றால் அதற்குக் கிராமபோன் இசைத்தட்டே காரணம்.

அத்தட்டு அரக்கும் கற்பொடியும் கலந்து செய்யப்பட்டது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடப் பாட்டே அடங்கும். கை தவறினால் உடையும். எஃகு ஊசி ஓடுந்தோறும் தேயும்.

நம் நாட்டில் வணிக இசைப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. அங்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தம் பெயரையும் சொல்லிவைத்தார். அன்று தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் அச்சாயின. பாடியவர் யாரென்று அங்குள்ளோர் அறிய அவ்வழக்கம் உதவிற்று. குரலோடு பெயரும் சேர்ந்தால்தான் அது வரலாற்றுச் சான்றாகும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' இசையிலும் இத்தகைய வரலாறு உண்டு. மிசிசிப்பி மாநிலத்தவரான ராபர்ட் ஜான்சன் 1936, 1937ஆம் ஆண்டுகளில் 29 பாட்டுகளைப் பதிவு செய்தார். 1938இல் அவரும் 27ஆம் வயதிலேயே இறந்தார். அவற்றுட் சில 1961இல் நெடுந்தட்டாக வெளிவந்த பின்னரே உலகம் அவரைப் பரவலாக அறிந்தது.

இக்காலத்தில் கிட்டப்பாவின் பாட்டையும் ஜான்சனின் பாட்டையும் இணையத்தில் நொடிப்பொழுதில் கேட்கலாம். எனினும் இணையம் தானே எதையும் கண்டெடுப்பதில்லை. எவரோ ஒருவர் காத்துவைத்து, ஒலியை மாற்றி ஏற்றியதையே அது நமக்கு அளிக்கிறது. அவ்வாறு ஏற்றும்போது தட்டின் எண்ணும் நிறுவனத்தின் பெயரும் விடுபட்டால், அப்பாட்டு எந்த ஆண்டினது, எவர் வெளியிட்டது என்று ஆராய்வது அரிதாகிவிடும்.

மாணவர்களே, உங்கள் இல்லத்துப் பரணில் பழைய தட்டு கிடைத்தால் அதைப் பழைய ஊசியில் ஓட்டிப் பார்க்க விரையாதீர்கள். வெயில் படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். நடுச்சீட்டில் உள்ள பெயர், எண், நிறுவனம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் ஆவணக் காப்பிடத்துக்குத் தெரிவியுங்கள். ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்த முன்னோர் நம் இலக்கியத்தைக் காத்தனர். தமிழ்க் குரல்களைக் காக்கும் பணி நம் தலைமுறையினுடையது.