பரோடா பயிற்சிச்சாலைக்கு வந்த புதிய மாணவர்

தேகாப்பியாசசாலையிற் புதிதாகச் சேரும் இளைஞனுக்கு முதல் நாளிலே கூச்சம் உண்டாவது இயல்பு. கர்லாக்கட்டை சுழற்றுவோரின் புயங்களையும் தன் மெலிந்த கைகளையும் மாறி மாறிப் பார்ப்பான். இது தனக்கேற்ற இடந்தானா என மயங்குவான். அம்மயக்கத்தைத் தீர்ப்பது அங்குள்ள மூத்தோர் கடமை. இதற்கு நல்லதொரு சான்று, இன்று வடோதரா எனப்படும் பரோடா நகரிலே உண்டு.

அங்கே மல்வித்தையிற் சிறந்த ஜும்மாதாதா என்னும் முஸ்லிம் ஆசான் இளைஞரைப் பயிற்றி வந்தார். அவரிடம் பயின்ற இந்து மாணவர் மாணிக்கராவ், பின்னர் அப்பணியைத் தாமே ஏற்று நடத்தினார். நடத்துபவர் மாறியும் பெயர் மாறவில்லை. ஆசானின் பெயரே அச்சாலைக்கு வழங்கலாயிற்று.

1907ஆம் ஆண்டில் அவ்வாயிலுக்குப் புதியவராக வந்தார், 1883இற் பிறந்த ஜகந்நாத கணேச குணே. மூன்றாண்டுகள் மாணிக்கராவிடம் பயின்றார். இவரே பிற்காலத்திற் சுவாமி குவலயானந்தர் எனப் புகழ்பெற்றவர். 1924இல் லோனாவ்லாவிலே கைவல்யதாமத்தை நிறுவி, யோகப்பயிற்சி உடலில் விளைக்கும் மாற்றங்களை விஞ்ஞான முறையில் ஆராய்ந்தார், 1966இற் காலமானார்.

முஸ்லிம் ஆசான் இந்து மாணவருக்கு அளித்த வித்தை, அம்மாணவர் வழியே ஒரு சுவாமியாருக்கும் கிட்டியது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் கல்முனையிலே இச்சரித்திரம் நாம் மறக்கத்தக்கதன்று. இளைஞர்களே! நாளை நம் பயிற்சிக்கூடத்து வாயிலிற் கூச்சத்தோடு நிற்பவனை எத்தெருவினன் என்று வினவாதீர்கள். கர்லாக்கட்டையை எடுத்துக் கொடுத்து, பிடிக்கும் விதத்தைக் காட்டுங்கள்.